138,000 ரூபா தள்ளுவண்டில் எங்களுக்குத் தேவையா?

யாழ்ப்பாண நகரில் குழந்தைப் பொருட்கள் விற்கும் கடையொன்றின் மேல்மாடியில் அது நின்றது. சாம்பல் நிறத் துணி, பெரிய கூரை, தோல் உறை போட்ட கைபிடி. ஒரு விரலால் தள்ளிப் பார்த்தேன், சத்தமே இல்லாமல் உருண்டது. விலைச்சீட்டைத் திருப்பினேன். 138,000 ரூபா.

"அக்கா, இது த்ரீ இன் வன். படுக்க வைக்கலாம், இருத்தலாம், கழற்றிக் காருக்குள்ளயும் வைக்கலாம். காட்டுக்கு ஆறு மாசத் தவணை இருக்கு" என்றார் கடைத் தம்பி.

எங்களிடம் இருப்பது ஒரு ஸ்கூட்டி. ஆனாலும் நான் உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு ஏழாம் மாதம், முதல் பிள்ளை. கலியாணமாகி ஆறு வருடங்களுக்குப் பிறகு வருகிற பிள்ளை. வீட்டுக்கு வந்து தொலைபேசியில் எடுத்த படத்தை அம்மாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கனநேரம் பார்த்தார்.

"வடிவாத்தான் இருக்கு. உன்ர தம்பியை நான் சீலைக்குள்ள கட்டிக்கொண்டுதான் நாவற்குழிப் பாலம் தாண்டினனான்."

1995 ஒக்டோபர் 30 இரவு. வலிகாமத்து மக்கள் முழுவதும் ஒரே வீதியில் தென்மராட்சிப் பக்கம் நகர்ந்த இரவு. தம்பிக்கு அப்போது நாற்பது நாள், எனக்கு நான்கு வயது. மழை. அப்பாவின் சைக்கிளில் அரிசி மூட்டையும் நானும். அம்மாவின் மடியில் தம்பி. அம்மா இதைச் சொன்னது என்னைத் தடுப்பதற்காகவா, அல்லது வாங்கு என்று சொல்வதற்காகவா என்று எனக்குப் புரியவில்லை. கேட்டதற்கு, "எனக்கும் தெரியேல்ல பிள்ளை" என்றார்.

எங்கள் தலைமுறையில் பிள்ளை பெறுகிற பலருக்கு இந்தக் குழப்பம் இருக்கிறது. எங்களுக்குக் கிடைக்காத எல்லாவற்றையும் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும் என்று ஒரு மனம் சொல்கிறது. சவர்க்காரத்துக்கும் பற்றரிக்கும் தடை இருந்த காலத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். இன்னொரு மனம், ஓடவேண்டி வந்தால் எதைத் தூக்கிக்கொண்டு ஓடுவது என்று இன்றைக்கும் கணக்குப் பார்க்கிறது. இந்த இரண்டு மனத்தோடும் கடைக்குப் போனால் கடைக்காரர்தான் வெல்வார். ஆகவே நான் இரண்டு கிழமை எடுத்து விசாரித்தேன். நான் அறிந்துகொண்டவற்றை, என்னைப்போல் யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில், நாங்கள் பொதுவாகப் பிராம் என்று சொல்வதற்குள் இரண்டு வகைப் பொருட்கள் இருக்கின்றன. ஒன்று, பிள்ளையை மல்லாக்காகப் படுக்க வைக்கக்கூடிய தொட்டில் வகை. மற்றது இருத்தித் தள்ளும் ஸ்ட்ரோலர். பிறந்த பிள்ளைக்குக் கழுத்து நிற்காது, முதுகு நிமிராது. ஏறத்தாழ ஆறு மாதம் வரை தட்டையாக, அல்லது தட்டைக்குக் கிட்டவாகச் சாயும் இருக்கைதான் பொருத்தம். குடைபோல் மடியும் மலிவான ஸ்ட்ரோலர்களில் பல சாயாது. அதில் சின்னப் பிள்ளையை இருத்தினால் தலை முன்னால் விழும், நாடி நெஞ்சில் முட்டும், மூச்சுக்குத் தடையாகும். எனவே மலிவு என்பதற்காக அதை வாங்கி முதல் மாதத்திலேயே பாவிக்கக் கூடாது. ஆறு மாதத்துக்குப் பிறகு அதே வண்டில் நல்ல வண்டில்தான்.

இந்தக் குடை வண்டிலுக்கு ஒரு கதை இருக்கிறது. 1965இல் இதை வடிவமைத்தவர் ஓவன் மக்லரன் என்ற பிரித்தானியப் பொறியியலாளர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஸ்பிற்ஃபயர் போர் விமானத்தின் சில்லுகள் மடிந்து விரியும் தொகுதியில் வேலை செய்தவர். பேரப்பிள்ளையின் பாரமான வண்டிலைப் பார்த்துவிட்டு, அந்த அறிவை வைத்து அலுமினியக் குழாய்களில் மூன்று கிலோவுக்குள் ஒன்றைச் செய்தார். கிபிர் சத்தத்துக்குப் பதுங்கி வளர்ந்த எங்களுக்கு, போர் விமானத்திலிருந்து பிள்ளைகளுக்குப் பயன்படும் ஒன்றும் வந்திருக்கிறது என்று கேள்விப்படுவது விசித்திரமாகத்தான் இருக்கிறது.

விலைக்கு வருவோம். ஏன் இந்த விலை? இவை அனேகமாக முழுவதும் இறக்குமதி. 2022 தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாவளவில் இருந்தது, மே மாதத்தில் 360ஐத் தொட்டது. பிறகு குறைந்தாலும் பழைய இடத்துக்கு வரவில்லை. அதே ஆண்டின் தொடக்கத்தில் 8 வீதமாக இருந்த வற் வரி 2024 ஜனவரியில் 18 வீதமானது. கப்பற்கூலி, இறக்குமதி வரி, கடைக்காரரின் இலாபம் எல்லாம் இதற்கு மேல். ஆகவே 138,000 ரூபா கொடுக்கும்போது அவ்வளவு காசுக்கும் தரம் கிடைக்கிறது என்று நினைக்கக் கூடாது.

அடுத்தது அந்த த்ரீ இன் வன். விலையில் பெரிய பங்கு காருக்குள் பூட்டும் இருக்கைக்கும் அதை வண்டிலோடு இணைக்கும் பொறிக்கும் போகிறது. கார் இருப்பவர்களுக்கு அது உயிர் காக்கும் பொருள், அதில் கணக்குப் பார்க்க வேண்டாம். கார் இல்லாத நாங்கள் அதை வாங்கினால் அது வீட்டு மூலையில் கிடக்கும். இன்னொரு பிழையும் நடக்கும். காசு கொடுத்து வாங்கியாயிற்றே என்று பிள்ளையை அந்த இருக்கையிலேயே மணிக்கணக்காக நித்திரையாக்குவார்கள். அது பயணத்துக்கான இருக்கை, படுக்கை அல்ல.

பிறகு நான் எங்கள் வீதியைப் பார்த்தேன். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். எங்கள் வீடு கிளிநொச்சியில், ஏ-9 வீதியிலிருந்து உள்ளே. முதலில் கொஞ்சத் தூரம் கொங்கிறீட், அதன்பிறகு கிறவல். கார்த்திகை மழையில் கிறவல் கரைந்து குழியாகும், பங்குனியில் புழுதி. கடையின் ரைல்ஸ் தரையில் ஒரு விரலுக்கு உருண்ட சின்னப் பிளாஸ்ரிக் சில்லுகள் கிறவலில் கல்லுக்குக் கல் சிக்கும். தள்ளுகிறவருக்கு நாரி நோகும், பிள்ளை குலுங்கும். எங்கள் இடத்துக்கு வேண்டியது காற்றடிக்கும் ரயர் உள்ள பெரிய சில்லு. அது கடையில் நான் பார்த்த விலையுயர்ந்த வண்டில்களில் ஒன்றில்தான் இருந்தது, மற்றவையெல்லாம் அழகுக்கு விலை போட்டவை.

எடையும் முக்கியம். நான் பார்த்தது 14 கிலோ. மடித்தாலும் ஓட்டோவின் பின்பக்கத்தில் அடங்காது. பஸ்ஸில் ஏற்ற முடியாது, ஸ்கூட்டியில் கேட்கவே வேண்டாம். அப்படியென்றால் எங்கே கொண்டுபோவேன்? நடந்துபோகக்கூடிய தூரத்தில் உள்ள கிளினிக்குக்கு, கோயிலுக்கு, அம்மா வீட்டுக்கு. கிழமைக்கு இரண்டு தடவை என்று வைத்தேன். பிள்ளை ஓடித்திரியத் தொடங்கினால் வண்டிலில் இருக்காது, ஆகவே ஒன்றரை வருடம். மொத்தம் 156 தடவை. 138,000ஐப் பிரித்தால் ஒரு தடவைக்கு 880 ரூபாவுக்கு மேல். அந்தக் காசுக்கு ஓட்டோ பிடித்துப் போய் வரலாம். 30,000 ரூபா வண்டில் என்றால் ஒரு தடவைக்கு 190 ரூபா சொச்சம். கொழும்பு மாடிவீட்டில் இருந்துகொண்டு தினமும் பூங்காவுக்குப் போகிறவருக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி வரும்.

காசு எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்தில் மூன்று வழிகள்: தவணை, அடகு, வெளிநாட்டு உறவு. தவணையில் வட்டி இல்லை என்றால், அது விலைக்குள் ஏற்கெனவே போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். காசாகக் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்ற ஒரு கேள்வி போதும், பதில் அதிலேயே தெரியும். சங்கிலியை அடகு வைத்து 100,000 எடுத்து, வட்டி ஆண்டுக்கு 15 வீதம் என்று வைத்தால், வண்டிலின் விலையில் ஒரு வருடத்திலேயே 15,000 கூடிவிடும். பிள்ளைப்பேற்றுக்கு முன்னால் வீட்டில் மீட்கப்படாத நகை இருப்பது நல்லதல்ல. அவசரத்துக்கு முதலில் கைபோவது அதில்தான். பெரியாஸ்பத்திரியில் பிரசவம் இலவசம் என்றாலும், போக்குவரத்து, கூட நிற்பவரின் சாப்பாடு, வெளியில் எடுக்கச் சொல்லும் ஸ்கான் என்று காசு கரையும்.

நுண்கடன் பற்றிச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன். வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த 100,000 ரூபா வரையான கடன்களைத் தள்ளுபடி செய்ய 2018இல் அரசாங்கம் தீர்மானிக்கும் அளவுக்கு அது போயிருந்தது. கிழமைக்குக் கிழமை வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நிற்பதைப் பார்த்தவர்கள் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறார்கள். பிள்ளைச் சாமானுக்கு அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

வெளிநாட்டு உறவு கொஞ்சம் சிக்கலானது. ரொறன்ரோவில் இருக்கும் என் மச்சாள் படத்தைப் பார்த்ததும், "நான் வாங்கித் தாறன், காசைப் பற்றி யோசிக்காதையும்" என்றார். அவர் இரண்டு வேலை செய்பவர் என்பது எனக்குத் தெரியும். குளிர்காலத்தில் இரவு வேலை. அவர் தருவது அன்பினால்தான். ஆனால் அந்த 138,000இல் அவருடைய எத்தனை இரவு இருக்கிறது என்று யோசித்தேன். "தாறதெண்டால் பிள்ளை பிறந்த பிறகு காசாத் தாங்கோ மச்சாள், கணக்கில போட்டு வைப்பம்" என்றேன். கொஞ்சம் மனவருத்தம்தான், இரண்டு நாள் கதைக்கவில்லை. பிறகு தானே எடுத்து, தன் மகனின் பழைய உடுப்புகளைக் கார்கோவில் போடுவதாகச் சொன்னார்.

இதுவரை எழுதியதைப் பார்த்தால் வண்டில் வீண் ஆடம்பரம் என்று நான் சொல்வதாகத் தோன்றும். அப்படி இல்லை. தருமபுரம் பக்கத்தில் ஒரு தாயைச் சந்தித்தேன். 2009இல் முதுகில் பட்ட செல் துண்டு இன்னும் உள்ளே இருக்கிறது. பாரம் தூக்கக் கூடாது என்பது வைத்தியர் சொன்னது. யாரோ கொடுத்த பழைய பெரிய சில்லு வண்டிலில்தான் பிள்ளையை முற்றத்துக்கும் கிணற்றடிக்கும் கொண்டுபோகிறார். "இது இல்லாட்டி பிள்ளையைத் தூக்க ஆள் வரும்வரைக்கும் நான் பாத்துக்கொண்டு இருக்கவேணும்" என்றார். ஒரு கை இழந்த தாய்மார், செயற்கைக் கால் போட்ட தகப்பன்மார் எங்கள் மாவட்டங்களில் எத்தனை பேர். இடுப்பில் வை, ஏணையில் போடு என்று அவர்களுக்குச் சொல்வது சுலபம். அவர்கள் நல்ல வண்டிலொன்றுக்குக் கூடக் காசு கொடுத்தால் அதை ஊர் கதைக்கக் கூடாது. உண்மையில் இதை உதவி உபகரணமாகக் கருதிக் கொடுக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். வாழ்வாதாரத்துக்குக் கோழிக்கூடு கொடுக்கும் நிறுவனங்கள் எதுவும் இதைப்பற்றி யோசித்ததாக நான் கண்டதில்லை.

மற்ற எங்களுக்கு முதல் ஆறு மாதம் ஏணை இருக்கிறது. செட்டிக்குளம் முகாமில் கூடாரக் கம்பத்தில் சீலை கட்டிப் பிள்ளைகளை ஆட்டிய தாய்மாரை நான் பார்த்திருக்கிறேன். பருத்திச் சீலை காற்றுப் போகும், செலவில்லை. ஆனால் ஏணையிலும் பிள்ளை வளைந்து கிடந்தால் நாடி நெஞ்சில் முட்டும், ஆகவே கண்பார்வையில் இருக்க வேண்டும். பிள்ளை பிரளத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும். வண்டிலுக்கும் ஒரு எச்சரிக்கை: வெயிலுக்கு மறைப்பென்று கூரைக்கு மேல் துணியைப் போட்டு மூடாதீர்கள். காற்று ஓடாமல் உள்ளே வெக்கை ஏறும். எங்கள் வெயிலுக்கு அது ஆபத்து.

பழையதை வாங்குவதென்றால் பிறேக்கைப் போட்டுவிட்டுத் தள்ளிப் பாருங்கள், அசையக் கூடாது. விரித்தபின் பூட்டு விழுகிறதா, தானாக மடிகிறதா என்று அழுத்திப் பாருங்கள். பட்டி தோள் இரண்டு, இடுப்பு இரண்டு, கால்களுக்கிடையில் ஒன்று என ஐந்து இடத்தில் பிடிக்க வேண்டும். துணி கிழிந்தால் தைக்கலாம். சட்டம் வெடித்திருந்தால் சும்மா தந்தாலும் வேண்டாம்.

அம்மாவுக்கு இன்னொரு காரணமும் இருந்தது, அதைக் கடைசியாகத்தான் சொன்னார். "பிள்ளை முதல்ல கைக்கு வரட்டும். அதுக்கு முதல் ஒண்டும் வாங்கி வைக்காத." எங்கள் ஊரில் பலர் சொல்வதுதான். ஆனால் எனக்கு முன்னால் ஒரு அண்ணா இருந்தார், காய்ச்சலில் பதினொரு மாதத்தில் போய்விட்டார். அவருக்கென்று வாங்கிய சின்னக் கிலுக்கட்டி ஒன்று ஒவ்வொரு இடப்பெயர்விலும் கூடவந்து, 2009இல் எங்கேயோ தவறியது. அம்மா சொன்னதை மூடநம்பிக்கை என்று வாதாட எனக்கு மனம் வரவில்லை.

எனவே இப்போதைக்கு வாங்கவில்லை. வீட்டு வளையில் ஏணைக்கொழுக்கி போட்டாயிற்று. என் கணவர் 25 கிலோ அரிசி மூட்டையைத் தொங்கவிட்டு இரண்டு நாள் பார்த்தார். கொக்குவிலில் ஒரு சிநேகிதி தன் பிள்ளையின் வண்டிலை 25,000 ரூபாவுக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். பெரிய சில்லு, தட்டையாகச் சாயும், ஒரு ரியூப் மட்டும் பழுது. மார்கழி மழை விட்ட பிறகு எடுப்பதாகச் சொல்லியிருக்கிறோம். சந்தியில் உள்ள சைக்கிள் கடை ஐயாவிடம் அளவைக் காட்டினேன். பன்னிரண்டு அங்குலச் சின்னப் பிள்ளைச் சைக்கிளின் ரியூப் அதற்குப் பொருந்தும், தன்னிடமே இருக்கிறது என்றார்.