ஆற்றுக்கு எத்தனை மீட்டர்?

ஆற்றங்கரையில் பூங்கா அமைக்க நினைக்கும் நகரம் முதலில் ஆற்றின் அகலத்தை முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. பெருமழையில் தண்ணீர் எதுவரை ஏறும், அது வந்து போக எவ்வளவு நிலம் விடுவது என்ற கணக்கு தீர்ந்த பிறகே மற்றவை தீரும். கரை சரிவாக இறங்குமா சுவராக நிற்குமா, பிள்ளைகள் தண்ணீரைத் தொட முடியுமா, மரம் எங்கே நடலாம், கழிப்பறை எங்கே கட்டலாம் என்பதெல்லாம் அந்தக் கணக்கைப் பொறுத்தவை. ஆசியாவின் இரண்டு நகரங்கள் இதில் எதிரெதிர்த் திசையில் போயின. சிங்கப்பூரின் பீஷான் – அங் மோ கியோ பூங்கா ஆற்றுக்கு நிலம் கொடுத்தது. அகமதாபாத்தின் சபர்மதிக் கரைத் திட்டம் ஆற்றிடமிருந்து நிலம் எடுத்தது. புதிய வடிவில் இரண்டும் மக்களுக்குத் திறக்கப்பட்டது 2012இல்.

சிங்கப்பூரின் மிக நீளமான ஆறு காலாங். நீளம் என்றாலும் பத்து கிலோமீட்டர்தான். லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தின் பக்கம் தொடங்கி மரினா நீர்த்தேக்கத்தில் போய்ச் சேர்கிறது. வெள்ளத்துக்கு அஞ்சி, கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் அதைக் கான்கிரீட் வாய்க்காலாக மாற்றினார்கள். விழுந்த மழையை விரைவாக நகரைவிட்டு வெளியேற்றுவதே அன்றைய பொறியியலின் குறி. 1988இல் வாய்க்காலை ஒட்டிப் பூங்கா வந்தபோதும் இரண்டுக்கும் நடுவே வேலி நின்றது. சுற்றியிருந்த அடுக்குமாடி வீடுகளில் வசித்தவர்களுக்கு ஆறு இருந்தது, ஆற்றங்கரை இல்லை.

அந்த வேலியை எடுப்பதற்கு வெகுகாலம் முன்பே வேறொரு வேலை முடிந்திருந்தது. 1977இல் பிரதமர் லீ குவான் இயூ, சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் படுகையையும் பத்தாண்டுகளில் தூய்மைப்படுத்தும் இலக்கை வைத்தார். பன்றிப் பண்ணைகளும் வாத்துப் பண்ணைகளும் அகற்றப்பட்டன. தெருவோர உணவுக்கடைகள் உணவங்காடி நிலையங்களுக்குள் போயின. 1983இல் சரக்குப் படகுகள் பாசிர் பாஞ்சாங்குக்கு இடம் மாறின. 1987இல் பணி நிறைவடைந்தது. பிழைப்பையும் இடத்தையும் விட்டு நகர வேண்டியிருந்தவர்களுக்கு இது எளிதாக இருந்திருக்காது. ஆனாலும் வரிசை சரியானது. சாக்கடை கலக்கும் ஆற்றின் கரையில் பளிங்கே பதித்தாலும் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நடக்க முடியும். கழிவுநீர்க் குழாயைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தொடங்கும் பூங்காத் திட்டங்களின் கதி அதுதான்.

2000களில் பீஷான் வாய்க்கால் பழையதாகிவிட்டது. பெருமழையைத் தாங்க அதன் கொள்ளளவும் கூட வேண்டியிருந்தது. இன்னும் உயரமான கான்கிரீட்டைப் போடுவது ஒரு வழி. 2006இல் நீர்நிலைகளை மக்கள் புழங்கும் இடங்களாக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியிருந்த, வடிகால்களைக் கவனிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகம் மறுவழியில் போனது. ஜெர்மானிய நிலவடிவமைப்பாளர் ஹெர்பர்ட் டிரைசைட்லின் குழு போட்ட வரைபடத்தின்படி, 2.7 கிலோமீட்டர் நேர் வாய்க்கால் உடைக்கப்பட்டு, 3.2 கிலோமீட்டர் வளைந்து ஓடும் ஆறாக்கப்பட்டது. முன்பு அதன் அகலம் 17 முதல் 24 மீட்டர். இப்போது பெருமழையில் அது ஏறத்தாழ 100 மீட்டர்வரை விரியலாம். நீரைக் கடத்தும் திறன் சுமார் 40 விழுக்காடு கூடியது. சுவரை உயர்த்தாமலே திறன் கூடியதன் ரகசியம் அகலத்தில்தான் இருக்கிறது. சாதாரண நாளில் நடுவே சிறு ஓடை மட்டும் ஓடும். இருபுறப் புல்வெளியும் மனிதர்களுக்கு. மழை வலுத்தால் அதே புல்வெளி ஆற்றின் பங்காகிவிடும். ஒரே நிலம் இரண்டு வேலை செய்வதால், நெருக்கடியான நகரத்திலும் ஆற்றுக்கு இடம் விட முடிந்தது.

மண்கரை அரித்துக்கொண்டு போகாதா? வெப்பமண்டல மழையில் அந்தச் சந்தேகம் நியாயமானது. குச்சிக் கட்டுகளையும் செடிகளையும் வேரோடு கரையில் பின்னி மண்ணைப் பிடித்து நிறுத்தும் உத்தி ஐரோப்பாவில் பழையது. அங்கே பழகிய செடிகள் இங்கே செல்லாது. எனவே 2009இல் பூங்காவின் பக்க வடிகால் ஒன்றில் 60 மீட்டர் நீளத்துக்கு, பத்து வகை உத்திகளையும் உள்ளூர்ச் சூழலுக்கேற்ற பலவகைச் செடிகளையும் வைத்துச் சோதித்தார்கள். கல் நிரப்பிய கம்பிவலைப் பெட்டிகள், மண்ணைச் சுற்றிய துணிவிரிப்புகள், நாணல் சுருள்கள் எனத் தேறியவையே ஆற்றுக்கு வந்தன. இந்தக் கரை கட்டிய அன்று பலவீனமாகத்தான் இருக்கும். வேர் இறங்க இறங்க உறுதி கூடும். கான்கிரீட்டின் கதை இதற்கு நேர்மாறு. உடைத்தெடுத்த கான்கிரீட்டும் குப்பைக்குப் போகவில்லை. பூங்காவிலேயே குவிக்கப்பட்டு, ஏறி நின்று பார்க்கும் மேடானது.

சுமார் 62 ஹெக்டேர் பூங்காவில் இன்று மிதிகற்களில் கால் வைத்து ஆற்றைக் கடக்கலாம். இறங்கி விளையாடும் இடத்தில் பாதுகாப்பு தனி ஏற்பாட்டைக் கேட்கிறது. நீர்மட்டம் ஏறினால் உணர்கருவிகள் கண்டறிந்து, எச்சரிக்கை விளக்குகளையும் சங்கொலியையும் இயக்குகின்றன. கரை நிதானமான சரிவு என்பதால் மேலே ஏறிப்போக அவகாசம் கிடைக்கிறது. செங்குத்துச் சுவராக இருந்தால் அது கிடைக்காது. பூங்காவிலுள்ள குளங்களின் நீர், செடிகள் நிறைந்த படுகைகள் வழியே போய் ரசாயனமின்றித் தெளிகிறது. வெளியிலிருந்து கொண்டுவந்து விடாமலே பறவைகளும் தும்பிகளும் பெருகின. நீர்நாய்க் குடும்பம் ஒன்று குடியேறி, நாட்டுக்கே செல்லப்பிள்ளையானது.

சபர்மதியின் நிலைமை வேறு. அது பருவமழை ஆறு. ஆண்டின் பெரும்பகுதி மணற்பரப்பாகக் கிடந்தது; அந்த மணலில் காய்கறி பயிரிட்டார்கள், துணி வெளுத்தார்கள், ஞாயிறுதோறும் குஜ்ரி சந்தை கூடியது. கரையில் ஆயிரக்கணக்கான குடிசைகள் இருந்தன. கழிவுநீர் நேரே ஆற்றில் விழுந்தது. 1960களில் கட்டடக் கலைஞர் பெர்னார்ட் கோன் கரையை மேம்படுத்தும் யோசனையை முன்வைத்தார். 1997இல் மாநகராட்சி இதற்கென்றே தனி நிறுவனம் அமைத்தது. கட்டடக் கலைஞர் பிமல் படேலின் நிறுவனம் திட்டத்தை வடிவமைத்தது. கட்டுமானம் 2005இல் தொடங்கியது.

ஒழுங்கற்றிருந்த ஆற்றின் அகலம் சுமார் 263 மீட்டராகச் சீராக்கப்பட்டு, இருபுறமும் 11 கிலோமீட்டருக்கு மேல் சுவர் எழுந்தது. இப்படி மீட்ட நிலம் ஏறத்தாழ 200 ஹெக்டேர். அதன் பெரும்பகுதி சாலை, பூங்கா, மைதானம், சந்தை எனப் பொதுப் பயனுக்கு. ஒரு சிறு பங்கை விற்றுத் திட்டச் செலவை ஈடுகட்டுவது ஏற்பாடு. கரையோரம் இடைமறிக்கும் கழிவுநீர்க் குழாய்கள் பதிக்கப்பட்டது உண்மையிலேயே பெரிய வேலை. ஆற்றில் எப்போதும் தண்ணீர் தெரிய நர்மதைக் கால்வாயிலிருந்து நீர் விடப்படுகிறது. கீழே வாஸ்னா தடுப்பணை அதைத் தேக்கி வைக்கிறது. ஆறு என்று பெயர், ஏரி என்று வேலை.

இரண்டு தட்டு நடைபாதையில் கீழ்த்தட்டு தண்ணீரை ஒட்டிச் செல்கிறது. மேலே தரோய் அணையிலிருந்து அதிக நீர் திறக்கும் ஆண்டுகளில் அது மூழ்கும். ஆகவே அங்கே நிழல் குறைவு, கல்தான் அதிகம். அகமதாபாத்தின் கோடையில் பகல் நேரத்தில் அங்கே நடப்பவர்கள் மிகக் குறைவு. சுவர் கட்டினால் நிழல் போகிறது, தண்ணீரைத் தொடும் வாய்ப்பும் போகிறது. அகலம் பற்றிய முதல் முடிவு நடைபாதையின் வெயில்வரை வந்து சேர்வதை இங்கே பார்க்கலாம்.

பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இடம் மாற்றப்பட்டன. நீதிமன்ற வழக்குக்குப் பிறகே மறுகுடியமர்த்தல் ஒழுங்குக்கு வந்தது. பலருக்குக் கிடைத்த வீடுகள் வேலை செய்யும் இடத்திலிருந்து வெகுதூரத்தில் இருந்தன. குஜ்ரி சந்தைக்கு மட்டும் கரையிலேயே புதிய இடம் கட்டித் தந்தார்கள். பொழுதுபோக்கு இடம் திட்டமிடுபவர்கள் கரையைக் காலிமனையாக வரைந்துகொள்வது வழக்கம். உண்மையில் எந்த இந்திய ஆற்றங்கரையும் காலியாக இருப்பதில்லை. வெளுப்பவர், விற்பவர், பயிரிடுபவர் யார் யார் என்று முதலில் கணக்கெடுத்து, அவர்களுக்கும் வரைபடத்தில் இடம் ஒதுக்கினால்தான் பூங்கா பொதுவிடமாகும்.

இதற்குப் பிறகே வசதிகள். மூழ்கும் தட்டில் புல்வெளியும் மண்பாதையும் போதும். விளையாட்டுக் கருவி, மின்விளக்கு, கழிப்பறை, கடை எல்லாம் வெள்ள மட்டத்துக்கு மேலே. சக்கர நாற்காலி இறங்கும் சரிவு, குடிதண்ணீர், மாலைக்குப் பிறகும் பெண்கள் அச்சமின்றி நடக்கப் போதிய வெளிச்சம், குடியிருப்பிலிருந்து சாலையைக் கடந்து வரப் பாதுகாப்பான வழி ஆகியவை விழாக்கால நீரூற்றுகளைவிட முக்கியம். கரையோரம் அகலச் சாலை போட்டால், நகரத்துக்கும் ஆற்றுக்கும் நடுவே வாகனங்கள் ஓடும் புதிய வேலி உருவாகிவிடும். நுழைவுக் கட்டணமும் ஒருவகை வேலியே.

யார் பராமரிப்பது என்பதும் வரைபடத்தோடு சேர்ந்தே முடிவாக வேண்டும். பல நகரங்களில் ஆறு ஒரு துறைக்கும் பூங்கா இன்னொரு துறைக்கும் சொந்தம். கரையில் ஒதுங்கும் குப்பையை இருவரும் மற்றவருடையது என்பார்கள். பீஷானில் வடிகாலைக் கவனிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகமும் தேசியப் பூங்காக் கழகமும் ஒரே திட்டமாக வேலை செய்ததால்தான் வேலியை எடுக்க முடிந்தது. சபர்மதியில் தனி நிறுவனத்தின் பொறுப்பு திட்ட எல்லைக்குள் நேர்த்தியாகவே நடக்கிறது. அந்த எல்லை வாஸ்னாவோடு முடிகிறது. அதற்குக் கீழே கழிவுநீரும் ஆலைக்கழிவும் கலந்து ஓடுவது குறித்து 2021இல் குஜராத் உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கு எடுத்து விசாரிக்க வேண்டியிருந்தது.