ஐவர் ஆடும் களம்: கணினி விளையாட்டில் அணிப்போர் – ஓர் அறிமுகம்

கணினி விளையாட்டு என்றவுடன், தனியொருவன் திரையின் முன் அமர்ந்து கண்ணில் பட்டதையெல்லாம் சுட்டுத் தள்ளும் காட்சியே பெரியோர் பலருக்கும் நினைவில் எழும். அத்தகைய ஆட்டங்கள் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆயினும் நம் மாணவர்கள் இன்று பெரிதும் விரும்பி ஆடுவன அணியாகச் சேர்ந்து ஆடும் ஆட்டங்களே. விடுதியிலும் வீட்டிலும் காதில் ஒலிபெருக்கியை மாட்டிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத யாருடனோ உரத்துப் பேசும் இளைஞனைப் பார்த்து, இவன் யாரோடு பேசுகிறான், எதைப் பேசுகிறான், அழைத்தால் ஏன் எழுந்து வர மறுக்கிறான் என்று வியப்போரும் வருந்துவோரும் உளர். அவர்களுக்கும், இவ்வாட்டத்துள் புதிதாகப் புகும் மாணவர்க்கும் அதனை அறிமுகம் செய்வதே இக்கட்டுரையின் நோக்கம். தமிழ்த்துறை மலரில் இதற்கென்ன வேலை என்று கேட்போர் சற்றே பொறுத்தருள வேண்டுகிறோம். இப்போரில் துப்பாக்கிக்கு நிகராகச் சொல்லுக்கும் வேலை உண்டு என்பது போகப்போக விளங்கும்.

அணிப்போர் ஆட்டங்கள் பலவகைப்படும். அவற்றுள் ‘கவுண்ட்டர்-ஸ்ட்ரைக்’ என்னும் ஆட்டத்தின் வெடிகுண்டுப் போட்டியை மட்டும் ஈண்டு எடுத்துக்கொள்கிறோம். விதிகள் எளியவை என்பதோடு, 2020இல் வெளிவந்த ‘வேலரன்ட்’ போன்ற பிற ஆட்டங்களும் இதன் அடியொற்றியே அமைந்தவை; ஒன்றைக் கற்றவர்க்கு மற்றது எளிதாகும்.

இவ்வாட்டம் பிறந்த வரலாறு மாணவர்க்குச் சுவையூட்டும். 1993இல் வந்த ‘டூம்’, 1996இல் வந்த ‘குவேக்’ ஆகியவை கணினிகளை இணைத்துப் பலர் ஒருவரையொருவர் எதிர்த்து ஆடும் வழக்கத்தைப் பரப்பின. 1998இல் அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் ‘ஹாஃப்-லைஃப்’ என்னும் ஆட்டத்தை வெளியிட்டது. அதன் கட்டமைப்பை மாற்றி விருப்பம்போல் புதிய ஆட்டம் செய்துகொள்ள அந்நிறுவனம் இடமளித்திருந்தது. கனடாவில் படித்துக்கொண்டிருந்த மின் லே என்ற மாணவரும், அமெரிக்காவிலிருந்த ஜெஸ் கிளிஃப் என்ற மாணவரும் அவ்வாறு மாற்றிச் செய்ததே கவுண்ட்டர்-ஸ்ட்ரைக். 1999 ஜூன் திங்களில் முதற்சோதனைப் பதிப்பு வெளிவந்தது. அடுத்த ஆண்டே வால்வ் நிறுவனம் அதனைத் தனதாக்கித் தனி ஆட்டமாக விற்பனைக்குக் கொணர்ந்தது. 2012இல் ஒரு புதிய பதிப்பும், 2023 செப்டம்பரில் ‘கவுண்ட்டர்-ஸ்ட்ரைக் 2’ என்னும் இன்றைய பதிப்பும் வந்தன.

இனி ஆட்டத்திற்கு வருவோம். பக்கத்திற்கு ஐவர். ஒரு பக்கத்தார் கையில் ஒரு வெடிகுண்டு தரப்படும். களத்தில் ‘ஏ’, ‘பி’ என இரண்டு இடங்கள் குறிக்கப்பட்டிருக்கும். அவற்றுள் ஒன்றில் குண்டை வைத்து, அது வெடிக்கும்வரை காத்து நிற்பது தாக்குவோர் கடமை. வைக்கவிடாமல் தடுப்பதும், வைத்துவிட்டால் அதனைச் செயலிழக்கச் செய்வதும் காப்போர் கடமை. புறத்திணை பயின்ற நம் மாணவர்க்கு, மதிலை வளைப்பது உழிஞை, மதிலைக் காப்பது நொச்சி என்றால் போதும், உடனே விளங்கிவிடும். குறிப்பிடத்தக்க வேறுபாடு ஒன்று உண்டு. 12 சுற்றுகள் முடிந்ததும் உழிஞையார் நொச்சியாராகவும், நொச்சியார் உழிஞையாராகவும் பக்கம் மாற வேண்டும். மொத்தம் 24 சுற்றுகள். முதலில் 13 சுற்றுகளை வென்ற அணிக்கே வெற்றி.

ஒரு சுற்றுக்கு 1 நிமிடம் 55 விநாடி. அதற்குள் குண்டு வைக்கப்படாவிடில் காப்போர் வென்றனர். எதிரணியினர் அனைவரும் வீழ்ந்தாலும் வெற்றியே. ஆனால் குண்டு வைக்கப்பட்டபின் கணக்கு மாறுகிறது. 40 விநாடியில் அது வெடிக்கும். வைத்தவர் ஐவரும் மாண்டாலும் குண்டு மாளாது. காப்போர் ஓடிச்சென்று அதனைச் செயலிழக்கச் செய்தே ஆகவேண்டும். வெறுங்கையால் செய்ய 10 விநாடி ஆகும். 400 டாலர் கொடுத்து வாங்கும் கருவிப்பை இருந்தால் 5 விநாடி போதும். எதிரியை வீழ்த்திவிட்ட களிப்பில் நின்று, கருவிப்பையும் இன்றி, 9 விநாடியே எஞ்சிய நிலையில் குண்டருகே வந்து சேரும் புதியவரைக் கண்டு உடனாடுவோர் தலையில் அடித்துக்கொள்வது இதனாலேயே.

இப்போட்டியின் உயிர்நாடி மற்றொரு விதியில் இருக்கிறது. வேறு பல அணிப்போர்களில் சுடப்பட்டவர் சில விநாடிகளில் மீண்டும் களமிறங்குவார்; ஆகவே அங்கே உயிர் மலிவு. நம் சடுகுடுவில்கூட வெளியேறியவர், தம் அணியினர் எதிரியைப் பிடித்தால் உடனே உள்ளே வந்துவிடுவார். இங்கோ அந்தச் சுற்று முடியும்வரை அவர் வெறும் பார்வையாளரே. ஒருவர் பொறுமையிழந்து தனியே பாய்ந்து மாண்டால் எஞ்சிய நால்வரும் ஐவரை எதிர்க்க வேண்டும். எனவே புதியவர் முதலில் கற்க வேண்டியது, தனியே செல்லாமை. இருவராகச் செல்க, முன்னவர் வீழ்ந்தால் வீழ்த்தியவனைப் பின்னவர் அக்கணமே வீழ்த்த வேண்டும். ஒன்றுக்கு ஒன்று ஈடாகிவிட்டால் அணிக்கு இழப்பில்லை.

கைத்திறன் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். ஓடிக்கொண்டே சுட்டால் குண்டு குறியில் விழாது. நின்று சுட வேண்டும். குறிப்புள்ளியைத் தரையை நோக்கித் தாழ்த்தாமல் தலையின் உயரத்திலேயே வைத்து நடக்க வேண்டும். ஓடினால் காலடியோசை எதிரிக்குக் கேட்கும். மெல்ல நடந்தால் கேட்காது. ஏனையவை பழக்கத்தால் வருவன. எழுத்தால் கற்பிக்க இயலாதவற்றை எழுதிப் பக்கத்தை நிரப்ப நாம் விரும்பவில்லை.

புதியவரைப் பெரிதும் திகைக்க வைப்பது ஆட்டத்தின் பொருளியல். முதற்சுற்றில் ஒவ்வொருவர்க்கும் 800 டாலர் தரப்படும். அதில் சிறு துப்பாக்கியோடு வேறு ஏதேனும் ஒன்று வாங்கலாம், அவ்வளவே. பிறகு வென்ற அணியின் ஒவ்வொருவர்க்கும் 3,250 டாலரோ அதற்குச் சற்று மேலோ கிடைக்கும். தோற்றோரும் வெறுங்கையோடு விடப்படுவதில்லை. தொடர்ந்து தோற்கத் தோற்க, 1,400 டாலர் முதல் 3,400 டாலர் வரை அவர்தம் உதவித்தொகை உயர்ந்து செல்லும். தாக்குவோரின் ஏ.கே.47 துப்பாக்கி 2,700 டாலர். தலைக்கவசத்தோடு கூடிய மார்புக்கவசம் 1,000 டாலர். தொலைவிலிருந்து ஒரே குண்டில் வீழ்த்தும் ‘ஏ.டபிள்யூ.பி.’ 4,750 டாலர்.

இங்கேதான் அணி என்பதன் பொருள் தெளிவாகிறது. ஒருவரிடம் 5,000 டாலரும் மற்றவரிடம் 1,500 டாலரும் இருக்கையில், முன்னவர் தமக்கு மட்டும் உயர்ந்த படைக்கலம் வாங்கினால் அணிக்கு ஒரு வீரரும் நான்கு பார்வையாளருமே எஞ்சுவர். இருப்பவர் வாங்கி இல்லாதவர் முன் தரையில் போடலாம், அவர் எடுத்துக்கொள்ளலாம். யாரிடமும் போதிய பணம் இல்லையெனில், ஐவரும் ஒருமித்து அந்தச் சுற்றில் ஏதும் வாங்காமல், தோல்வியை ஏற்றுப் பணம் சேர்த்து, அடுத்த சுற்றில் ஐவரும் முழுப்படையோடு இறங்குவர். இதனைச் சேமிப்புச் சுற்று எனலாம், ஆடுவோர் ‘ஈகோ’ என்பர் (ஆங்கிலத்தில் பொருளாதாரத்தைக் குறிக்கும் சொல்லின் குறுக்கம், தன்முனைப்பைக் குறிக்கும் சொல் அன்று!). நால்வர் சேமிக்க ஒருவர் மட்டும் அரைகுறையாக வாங்கினால், அந்தச் சுற்றும் போகும், அடுத்த சுற்றும் போகும். நால்வரும் மாண்டு தாம் மட்டும் எஞ்சிய நிலையில், வெல்ல வழியில்லையெனக் கண்டு, விலையுயர்ந்த துப்பாக்கியோடு ஒளிந்து உயிர்பிழைப்பவரைக் கோழை என்று ஏசுவது புதியவர் வழக்கம். அவர் அடுத்த சுற்றுக்கான முதலைக் காக்கிறார் என்பதை அறிந்தோர் ஏசார்.

இனிச் சொல்லுக்கு வருவோம். ஐவரும் ஐந்து திரைகளை நோக்கி, பெரும்பாலும் ஐந்து ஊர்களில் அமர்ந்திருப்போர். ஒருவர் காண்பதனைத்தையும் மற்றவர் காணார். எனவே கண்டதைச் சொல்லியாக வேண்டும். புதியவர் பதற்றத்தில், “அங்கே நிற்கிறான், அங்கே! அதோ வருகிறான்!” என்று கூவுவார். நம் இலக்கணம் இதன் குறையை எளிதில் காட்டும். ‘அங்கே’ என்பது சேய்மைச்சுட்டு. சொல்பவரும் கேட்பவரும் ஒரே வெளியில் நின்று ஒரே திசையை நோக்கினால்தான் சுட்டுச்சொல் பொருள் தரும். திரை வேறானால் சுட்டு செத்துப்போகிறது. சுட்டுக்கு மாற்று இடப்பெயர் ஒன்றே.

ஆகவே, ஆடுவோர் களத்தின் ஒவ்வொரு மூலைக்கும் பெயரிட்டு வைத்துள்ளனர். டேவிட் ஜான்ஸ்டன் என்பவர் வடிவமைத்து 2001இல் வெளிவந்த ‘டஸ்ட் 2’ என்னும் புகழ்பெற்ற களத்தை எடுத்துக்கொள்வோம். நீண்ட வழி ‘லாங்’, நடுப்பாதை ‘மிட்’, குறுகிய உயர்ந்த நடைபாதை ‘கேட்வாக்’, இருண்ட சுரங்கவழி ‘டனல்’. ஏ பகுதியில் ஒரு மூலைச் சுவரில் வாத்தின் படம் வரையப்பட்டிருந்ததால் அம்மூலைக்கே ‘கூஸ்’ என்று பெயராயிற்று. வடிவத்தாலும் நீளத்தாலும் அருகிலுள்ள அடையாளத்தாலும் இடம் பெயர்பெறும் இம்முறை, ரா.பி. சேதுப்பிள்ளையவர்களின் ‘ஊரும் பேரும்’ படித்தோர்க்குப் புதிதன்று. இப்பெயர்களுட் பல ஆட்டத்தைச் செய்தவர் இட்டவை அல்ல. ஆடுவோர் நாவில் தாமே விளைந்தவை. ஐவருள் ஒருவர் தமிழராகவும் ஒருவர் வங்காளியாகவும் மற்றொருவர் பஞ்சாபியாகவும் இருக்கும் இந்திய அணிகளில், வேறு பொதுமொழி இல்லாதபோதும் இவ்விருபது முப்பது பெயர்களைக் கொண்டே ஆட்டம் நடந்தேறுகிறது.

நல்ல செய்தி எப்படி இருக்கும்? “லாங் கதவில் இருவர், ஒருவனுக்குப் பாதி உயிர்.” இடம், எண், நிலை. அவ்வளவே. சொன்னதும் வாய் மூட வேண்டும். ஏனெனில் பேச்சொலி காலடியோசையை மறைக்கும். குறிப்பாக, அணியில் ஒருவர் மட்டும் எஞ்சி நிற்கையில், மாண்ட நால்வரும் ஆளுக்கொரு யோசனை சொல்லத் தொடங்கினால் அவர் தோற்பது உறுதி. தேர்ந்தோர் அவ்வேளையில் மூச்சுக்கூட விடார்.

இதே ஒலிவாங்கிதான் தீச்சொல்லுக்கும் வழியாகிறது. முகந்தெரியாதவரைத் தாய்மொழியில் கேட்கத்தகாத சொற்களால் ஏசுவோர் இக்களங்களில் மிகுதி. ஒலியடைப்பு வசதி ஆட்டத்திலேயே உண்டு. ஏசுபவரின் குரலை அடைத்துவிட்டு ஆடுவது இழுக்கன்று. ஆட்டமும் நன்றாக வரும்.

மூத்தோர் கவலைகளுள் இரண்டனைத் தள்ளிவிட்டுச் செல்ல நமக்கு மனமில்லை. முதலாவது, தாக்குவோருக்கு ஆட்டம் இட்டுள்ள பெயர் ‘பயங்கரவாதிகள்’ என்பது. பக்கம் மாறி ஆடுவதால், ஆடுவோர் நாவில் அது ‘டி’, ‘சி.டி.’ என்று தேய்ந்து பொருளிழந்து நிற்கிறது. களங்களுள் இத்தாலியும் ஜெர்மனியும் உண்டு. ஆயினும் டஸ்ட், மொராக்கோவில் அமைந்த மிராஜ் போன்றவற்றின் வழியே அரபுலகத் தெருவும் வளைவும் குண்டோடு சேர்ந்தே இளைஞர் நினைவில் பதிவதை நாம் விரும்பவில்லை. அதனை ஆடும் நம் மாணவர்கள் அறிந்தே ஆடுக. இரண்டாவது, பணம். 2018 டிசம்பர் முதல் இவ்வாட்டத்தை விலையின்றி ஆடலாம். ஆனால் துப்பாக்கிக்கு வண்ணப்பூச்சு விற்கப்படுகிறது. பெட்டியைத் திறக்கும் சாவிக்குப் பணம். உள்ளே எது வரும் என்பது தற்செயல். இப்பூச்சுகளைப் பணயம் வைத்துச் சூதாடும் தளங்கள் பெருகியதால், 2016இல் வால்வ் நிறுவனமே அவற்றிற்கு எச்சரிக்கை மடல் அனுப்ப நேர்ந்தது. பூச்சினால் குறி அணுவளவும் கூர்மையாகாது. பெற்றோர் கண் வைக்க வேண்டியது துப்பாக்கிமேல் அன்று, இச்சாவிமேல்.

எஞ்சியிருப்பது, அழைத்தால் ஏன் எழுந்து வருவதில்லை என்னும் வினா. ஒரு போட்டி பெரும்பாலும் 30 முதல் 45 நிமிடம் வரை நீளும். இடையில் நிறுத்திவைக்கும் வசதி ஒருவர் கையில் இல்லை. எழுந்தால் நால்வர் ஐவரோடு பொருத வேண்டும். கைவிட்டுச் சென்றவரைச் சிறிது நேரம் தொடங்கி நாள்கணக்கு வரை ஆட்டமே தடைசெய்யும். எனவே மகன் சொல்லும் ‘அஞ்சு நிமிஷம்’ பெரும்பாலும் பொய்; ஆனால் வேண்டுமென்று சொல்லும் பொய்யன்று. போட்டி தொடங்கியபின் எழுவது கடினம் என்பதால், முக்கால் மணி நேரம் கையில் உண்டா என்று பார்த்துத் தொடங்குவதே மாணவர் கடன்.

வீட்டாருக்கும் ஒரு வழி சொல்வோம். “இன்னும் எவ்வளவு நேரம்?” என்று கேளாமல், “எத்தனைக்கு எத்தனை?” என்று கேட்கட்டும். “11க்கு 8, அத்தா” என்று விடை வந்தால், குறைந்தது இரண்டு சுற்று, மிகுந்தால் ஐந்து சுற்று. வாங்கும் நேரமும் குண்டின் நேரமும் சேர்ந்து ஒரு சுற்று மூன்று நிமிடத்தைத் தாண்டாது, கால்மணிக்குள் வந்துவிடுவான். 12க்கு 12 எனச் சமமானால் சிலவகைப் போட்டிகளில் கூடுதல் சுற்றுகள் உண்டு, அதற்கு இடங்கொடுக்க. “3க்கு 2” என்று விடை வந்தால் இன்னும் பத்துச் சுற்றேனும் இருக்கிறது. உம்மா சோற்றை மூடி வைத்துவிடலாம்.