முதுமை மறதியா? மூளையில் நீரா?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் இரவும் பகலும் தொழிற்சாலைகள் ஓடுகின்றன. பிள்ளைகள் ஷிப்டு வேலைக்குப் போகிறார்கள். வீட்டில் பெரியவர் காலைத் தேய்த்து நடக்கிறார், எதையும் மறக்கிறார், சிறுநீரை அடக்க முடியவில்லை. "வயதாகிவிட்டது" என்று விட்டுவிடுகிறார்கள்.

சிலருக்குக் காரணம் முதுமை அல்ல. மூளைக்குள் நீர் தேங்கியிருக்கிறது! கொலம்பியா நாட்டு டாக்டர் சாலமோன் ஹக்கீம் இதைக் கண்டறிந்தார். 1965-ல் அவரும் அமெரிக்க டாக்டர்களும் இதுபற்றி எழுதினார்கள்.

மனநோயா?

நோயாளி பேசாமல் மந்தமாக இருப்பார். மனச்சோர்வு என்று தவறாக எண்ணுவதும் உண்டு. ஆகவே டாக்டர்கள் மூளையை ஸ்கேன் எடுக்கிறார்கள். மனநிலையையும் ஞாபக சக்தியையும் சோதிக்கிறார்கள். முதுகுத்தண்டில் ஊசி போட்டுக் கொஞ்சம் நீரை எடுக்கிறார்கள். அதற்கு முன்னும் பின்னும் நடக்கச் சொல்லிப் பார்க்கிறார்கள். நடை தேறினால், ஆபரேஷன் பலன் தரும் என்று நம்பலாம்.

தொழிலாளி செய்த வால்வு

ஆபரேஷனில் மெல்லிய குழாய் பொருத்தி, மூளை நீரை வயிற்றுக்குள் வடிய விடுகிறார்கள். நீரை அளவோடு விடுவது ஒரு வால்வு. 1956-ல் சிலிகோன் வால்வு செய்தவர் டாக்டர் அல்ல. அமெரிக்கப் பூட்டுக் கம்பெனித் தொழிலாளி ஜான் ஹோல்ட்டர்! அவருடைய குழந்தைக்குத் தலையில் நீர் கோத்திருந்தது.

பலன் என்ன?

எல்லோருக்கும் குணமாவதில்லை. நடை நன்றாகத் தேறும். மறதி அந்த அளவு மாறாது. குழாய் அடைபடலாம், கிருமி தொற்றலாம். நாள் கடத்தினாலோ பலன் குறையும்.

ஸ்ரீபெரும்புதூர் நெடுஞ்சாலையில் ஒரு பக்கம் வேலூர், மறுபக்கம் சென்னை. வேலூரில் 1949-லும் சென்னையில் 1950-லும் மூளை அறுவைச் சிகிச்சை தொடங்கியது. பெரியவர்களின் நடை தடுமாறினால், உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.