கருப்பு கவுனியின் சத்து தவிட்டில்தான்: மில்லில் இழக்காதீர்கள்

கருப்பு கவுனி பயிரிடும் விவசாயிகள், நெல்லை அரைக்கக் கொடுக்கும்போது மில்காரரிடம் ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: "உமியை மட்டும் நீக்குங்கள், பாலிஷ் வேண்டாம்."

காரணம், அந்தக் கருப்பு நிறம் தவிட்டோடு சரி. உள்ளே இருப்பது வெள்ளை அரிசிதான். நாவல் பழத்திலும் கத்தரிக்காய்த் தோலிலும் உள்ள ஆந்தோசயனின் என்ற நிறமியே கவுனியிலும் உள்ளது. இது ஆன்டி ஆக்ஸிடன்ட் வகையைச் சேர்ந்தது. காற்று பட்டு இரும்பு துருப்பிடிக்கிறது, எண்ணெயில் காறல் வாடை வருகிறது. அதுபோன்ற சிதைவு நம் உடல் செல்களிலும் நடக்கிறது. அதை மட்டுப்படுத்த உதவும் பொருள்களைத்தான் அப்படி அழைக்கிறார்கள். பாலிஷ் போட்டால் அது தவிட்டோடு மாட்டுத் தீவனத்துக்குப் போய்விடும்.

இந்த நிறமி தண்ணீரில் கரையும். எனவே அரிசியை முதலில் லேசாகக் கழுவி, இரவு ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டாமல் அதிலேயே வேகவையுங்கள். செட்டிநாட்டில் கவுனி அரிசி இனிப்பைப் பல வீடுகளில் இப்படித்தான் செய்கிறார்கள். சூட்டில் கொஞ்சம் குறையத்தான் செய்யும், அதற்கு வழியில்லை.

தவிட்டில் எண்ணெய் இருப்பதால் தீட்டாத அரிசி சீக்கிரம் காறிவிடும். நெல்லாகவே வைத்திருந்து, ஒரு மாதத் தேவைக்கு மட்டும் அரைத்துக்கொள்வது நல்லது.

விற்பனை செய்வோர் பாக்கெட்டில் "புற்றுநோய் வராது" என்றெல்லாம் அச்சிட வேண்டாம். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994-ல் வெளிவந்தது. அதில் பீட்டா கரோட்டின் என்ற ஆன்டி ஆக்ஸிடன்டை மாத்திரையாகச் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 சதவீதம் கூடியிருந்தது. கீரை, காய், பழம், தவிடு நீக்காத தானியம் என்று கலந்து சாப்பிடுவது வேறு, அதில் ஒரு சத்தை மட்டும் பிரித்து விழுங்குவது வேறு.

நம்மில் பலர் கவுனியை நல்ல விலைக்கு விற்றுவிட்டு, வீட்டில் தீட்டிய வெள்ளை அரிசியையே பொங்குகிறோம். இந்த முறை ஒரு மூட்டையாவது வீட்டுக்கு ஒதுக்குங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் மட்டும் அளவு பார்த்துச் சாப்பிட வேண்டும். கவுனியிலும் மாவுச்சத்து உண்டு. இதை நம்பி டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.