பரிந்து பேசும் உத்தியோகம்

பட்டம் பெற்ற பிள்ளை, "அரசியல் ஆலோசனை நிறுவனத்தில் சேரப் போகிறேன்" என்று சொன்னால் நம்மவர் இல்லங்களில் பெற்றோர் திகைக்கின்றனர். வங்கி, ரயில்வே, கணினி என்னும் வழிகளையே அறிந்த நமக்கு, இது கட்சி வேலையா, தரகு வேலையா என்னும் ஐயம் எழுவது இயல்பே. அதனைச் சிறிது ஆராய்வோம்.

இத்தொழிலுக்குக் கிளைகள் இரண்டு. ஒன்று தேர்தல் பணி. தொகுதி தோறும் வாக்காளர் மனநிலையைக் கேட்டறிந்து, கட்சிக்குப் பிரசாரத் திட்டம் வகுத்துத் தருவது. 2021-இல் தமிழ்நாட்டில் திராவிட முன்னேற்றக் கழகத்திற்கும், மேற்கு வங்கத்தில் திரிணமூல் காங்கிரசுக்கும் 'ஐ-பேக்' என்னும் ஒரே நிறுவனம் பணியாற்றியது. இரு கட்சிகளும் வென்றன.

மற்றொன்று, சட்டமும் வரியும் விதிக்கப்படுமுன் ஒரு தொழிலின் அல்லது வட்டாரத்தின் குறையை அரசினரிடம் எடுத்துரைப்பது. 'லாபி' என்று இதனைக் கூறுவர். பெயர் புதிதாயினும் செயல் பழையது. தென்னிந்தியத் தோட்டக்காரர்களின் 'உபாசி' சங்கம் 1893-லும், கோவைப் பஞ்சாலைகளின் 'சைமா' சங்கம் 1933-லும் தோன்றின. தத்தம் தொழிலின் குறைகளை ஆட்சியாளர்க்கு எடுத்துரைப்பது அவற்றின் பணிகளுள் ஒன்று.

இதற்கு வேண்டுவது நாவன்மை மட்டுமன்று. "எங்கள் ஊரில் வண்டி நிற்க வேண்டும்" என்று மட்டும் கூறும் மனுவையும், எத்தனை பேர் ஏறி இறங்குகின்றனர், அடுத்த நிலையம் எவ்வளவு தொலைவு என்று கணக்குடன் வரும் மனுவையும் ரயில்வே எழுத்தராகிய நாம் ஒருங்கே காண்கிறோம். முன்னதற்கு ஒருவரிப் பதில் போதும். பின்னதைப் புறக்கணிப்பது எளிதன்று. அத்தகைய மனுவை ஆக்கும் திறமைக்கே இத்தொழிலில் ஊதியம்.

நேர்வழியும் திறந்தே இருக்கிறது. 1993 முதல் இயங்கும் பாராளுமன்றத் துறைவாரி நிலைக்குழுக்கள் மசோதாக்கள் மீது பொதுமக்களின் கருத்தைக் கேட்பதுண்டு. மசோதாவின் வரைவைக் குறைந்தது 30 நாள் மக்கள் பார்வைக்கு வைத்தல் வேண்டும் என்று 2014-இல் மத்திய அரசு நெறி வகுத்தது.

ஆயினும் இருள் வழியும் உண்டு. அமெரிக்காவில் 1995-ஆம் ஆண்டுச் சட்டப்படி, யாருக்காகப் பேசினோம், எவ்வளவு பெற்றோம் என்று பதிவு செய்தல் வேண்டும். அவ்வாறு வால்மார்ட் நிறுவனம் காட்டிய கணக்கில் இந்தியச் சந்தையைப் பற்றிய பேச்சும் இடம்பெற்றிருந்தது 2012-இல் வெளியானபோது, நம் பாராளுமன்றத்தில் பெருங்கிளர்ச்சி எழுந்தது. இங்கோ அத்தகைய பதிவுச் சட்டமே இல்லை. 2013-இல் உறுப்பினர் ஒருவர் கொணர்ந்த தனிநபர் மசோதாவும் சட்டமாகவில்லை. பரிந்துரை கையூட்டாக மாறினால் மட்டும், கொடுப்பவரையும் நேரடியாகத் தண்டிக்க 2018-ஆம் ஆண்டுத் திருத்தம் வகை செய்கிறது.

ஆதலின் பெற்றோர் பிள்ளையிடம் மூன்று வினாக்கள் கேட்கட்டும். கூலி கொடுப்பவர் யார்? நீ எழுதும் குறிப்பை ஊரறியக் காட்ட இயலுமா? தேர்தல் முடிந்த மறுமாதம் வேலை உண்டா? இவற்றுக்குத் தயங்காமல் விடை வருமாயின் தடை சொல்ல வேண்டுவதில்லை.

இறுதியாக ஒன்று. வெளிமாநிலங்களில் வாழும் நாம் தொகையில் சிறியோம். நம் வாக்கு எந்தத் தொகுதியையும் அசைப்பது அரிது. மொழிச் சிறுபான்மையோரின் குழந்தைகளுக்குத் தாய்மொழியில் தொடக்கக் கல்வி தர மாநிலங்கள் முயல வேண்டும் என்னும் 350-ஏ விதி, 1956-இல் அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பெற்றது. ரயில்வே உபயோகிப்போர் ஆலோசனைக் குழுக்களில் பயணிகள் சங்கங்களுக்கும் இடமுண்டு. கதவு இருக்கிறது, கணக்குடன் சென்று தட்டுவோர்தாம் நம்மிடம் குறைவு. இத்தொழிலைக் கற்கும் நம் இளைஞர், மாதம் ஒரு மாலைப் பொழுதையேனும் சங்கத்தின் மனுக்களுக்குத் தருவாராயின், அவர் கற்ற கல்வி நம் குழந்தைகளுக்கும் பயன்படும்.