கியர் பெட்டியை ஏற்றுமுன் ஓயில் சீலைப் பாருங்கள்

பழைய லேண்ட்ரோவருக்குக் கியர் பெட்டி தேடிப் பினாங்குக்குப் போகும் தோட்டத் தோழர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

சங்க வேலையாக நாம் செபராங் பிறையில் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தபோது, லயத்துக் கால்வாயில் மூக்கைக் கொடுத்து நின்றது ஒரு வண்டி. நம் தோழர் ஒருவர் சேமநிதிப் பணத்தில் வாங்கியது. அதற்கு ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய சாமான் கடையில் கியர் பெட்டி பிடித்து, பாலத்தைச் சுற்றி லோரியில் கொண்டுவந்திருக்கிறார். (பெரியில் வண்டி ஏற்றிய காலந்தான் 2020-ஓடு முடிந்துவிட்டதே!) "ஓடின பெட்டிதான் அண்ணே, அப்படியே போடலாம்" என்றாராம் கடைக்காரர். அப்படியே போட்டார். மூன்றாம் மாதம், மேட்டில் கைப்பிரேக்குப் போட்டு நிறுத்திய வண்டி தானாக உருண்டுவிட்டது. அந்த நேரம் பிள்ளைகள் அங்கே விளையாடாதது பெரியவர்கள் செய்த புண்ணியம்.

கைப்பிரேக்குக்கும் கியர் பெட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். மற்றக் கார்களில் அது பெரும்பாலும் பின் சக்கரத்தைப் பிடிக்கும். 1948 முதல் 1985 வரை வந்த சீரிஸ் லேண்ட்ரோவர்களில் அப்படியில்லை. கியர் பெட்டியோடு சேர்ந்த டிரான்ஸ்பர் பெட்டியின் பின்னால் ஒரு டிரம் இருக்கிறது, அதைத்தான் பிடிக்கும். அங்கிருக்கும் ஓயில் சீல் போய்விட்டால் எண்ணெய் நேரே பிரேக் கட்டையில் வடியும். எண்ணெய் குடித்த கட்டை எதைப் பிடிக்கும்?

ஓயில் சீல் என்பது இரும்பு வளையத்தில் ஒட்டிய ரப்பர் உதடு. அதை ஒரு சிறு ஸ்பிரிங் ஷாப்டோடு அணைத்துப் பிடிக்கிறது. கடையில் வருஷக்கணக்கில் காய்ந்து கிடந்த பெட்டியில் அந்த உதடு இறுகிப்போயிருக்கும். பார்வைக்குத் தெரியாது, வண்டி சூடேறி ஓடும்போதுதான் ஒழுகும். கிளச் பக்கம் ஒழுகினால் கிளச் பிளேட்டும் வழுக்கும். அதற்குப் பெட்டியையே இறக்க வேண்டும். சீட்டு, தரைத்தகடு எல்லாம் கழற்ற வேண்டும். சீலுக்குச் சில வெள்ளி பார்த்தால், இரண்டாம் தடவை இறக்கி ஏற்றும் கூலியை யார் கொடுப்பது?

ஆகவே பெட்டி மேசைமேல் இருக்கும்போதே எல்லாச் சீலையும் மாற்றச் சொல்லுங்கள். போர்மேன் முறைத்தாலும் பக்கத்திலேயே நில்லுங்கள். பழைய சீலை எடுத்ததும், அது உரசிய இடத்தில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் புதுச் சீலும் நிற்காது. தேய்ந்த அந்தச் சாமானையும் கவனிக்க வேண்டும். சீலில் ஸ்பிரிங் தெரியும் பக்கம் எண்ணெயைப் பார்த்து இருக்க வேண்டும். உதட்டில் எண்ணெய் தடவி, கோணாமல் சமமாகத் தட்டி இறக்க வேண்டும். பழைய கேஸ்கட்டைச் சுரண்ட உளி வேண்டாம். அலுமினியத்தில் கோடு விழுந்தால் அந்தக் கோட்டு வழியே ஒழுகும்.

இன்னொன்று. மெயின் பெட்டிக்கும் டிரான்ஸ்பர் பெட்டிக்கும் எண்ணெய் தனித்தனி. ஒன்றில் குறைந்து மற்றதில் ஏறினால் நடுச் சீல் போய்விட்டது என்று சந்தேகப்படுங்கள். தரையில் ஒரு சொட்டும் காணாது. மெயின் பெட்டி மட்டும் உள்ளுக்குள் காய்ந்துகொண்டிருக்கும். இதில் ஏமாந்தவர்கள் பலர்.

நம் தோழர் சீலும் பிரேக் கட்டையும் புதிதாகப் போட்டுவிட்டார். பிரேக்கு இப்போது நன்றாகப் பிடிக்கிறது. ஆனாலும் மேட்டில் நிறுத்தினால் இறங்கிவந்து சக்கரத்துக்கு ஒரு கல் வைக்கிறார். வைக்கட்டும்.