பிரவுசருக்குள் ஒரு சோபா: எந்தக் கருவி, ஏன்?

கடைக்காரர் தன் சோபாவை வாடிக்கையாளரின் வீட்டுத் தரையில் போட்டுக் காட்ட வேண்டும். அவ்வளவுதான் என்றால் கூகுளின் 'மாடல்-வியூவர்' போதும். வலைப்பக்கத்தில் 3டி மாதிரியைக் காட்டும் ஒரே ஒரு ஹெச்டிஎம்எல் டேக் அது. இதற்குப் போய் கேம் எஞ்சினைத் தூக்கிவருவது வீண் வேலை.

ஆண்ட்ராய்டு குரோமில் 'வெப்எக்ஸ்ஆர்' என்ற இடைமுகம் இருக்கிறது. கேமராவும் சென்சாரும் சேர்ந்து தரை எங்கே என்று கணிக்க, அந்தத் தகவல் அதன் வழியாகப் பக்கத்துக்கு வந்துசேரும். ஐபோன் சஃபாரியில் அந்த வழி இல்லை. அங்கே மாடல்-வியூவர் சத்தமில்லாமல் ஆப்பிளின் 'குவிக் லுக்' காட்சிக் கருவியிடம் வேலையை ஒப்படைத்துவிடும்.

சோபா போதாது, ஹெட்செட் மாட்டி உலவ ஓர் அறையே வேண்டுமா? 2015-இல் மோசில்லாவில் பிறந்த 'ஏ-ஃப்ரேம்' பக்கம் போகலாம். ஹெச்டிஎம்எல் தெரிந்தவர் 'ஏ-பாக்ஸ்' என்று ஒரு வரி எழுதினால் பெட்டி வந்து நிற்கும். அடியில் ஓடுவது 'த்ரீ.ஜேஎஸ்' என்ற 3டி நிரல் நூலகம். நுணுக்கமான கட்டுப்பாடு கேட்பவர் நேராக அதிலேயே இறங்கலாம்.

ஹெட்செட் மாட்டினால் சிலருக்குத் தலை ஏன் சுற்றுகிறது? ஹெட்செட் நொடிக்கு 90 முறை படம் கேட்டால், ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது சுமார் 11 மில்லிநொடி. அதற்குள் இரு கண்களுக்கும் தனித்தனியே வரைய வேண்டும். தவறினால் தலை திரும்பிவிடும், காட்சி பின்தங்கும், குமட்டும். மாதிரியில் முக்கோணங்கள் கூடக் கூட வரையும் நேரமும் கூடும்; இருபது லட்சம் முக்கோணங்களால் செய்த சோபாவை எந்தக் கருவியும் காப்பாற்றாது.